கிளவுட் சர்வரில் வானிலை மாடல் ஓட்டி மாவட்ட அளவில் வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும். மாவட்டப் பேரிடர் குழுவுக்கோ கல்லூரி ஆய்வுக்கோ கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "1 கி.மீ. துல்லியம் வேண்டும், எத்தனை கோர் (கணக்கிடும் செயலி) எடுக்கலாம்?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். காசு வீணாவது அங்கேதான். மாடல் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களின் அளவை 3 கி.மீ.யிலிருந்து 1 கி.மீ. ஆக்கினால் கணக்கு 27 மடங்காகும்: நீளத்தில் 3, அகலத்தில் 3, மாடல் அடியடியாகக் கணக்கிடும் நேர இடைவெளி மூன்றில் ஒன்றாவதால் இன்னொரு 3. அந்தக் காசில் 3 கி.மீ. மாடலையே, தொடக்க நிலையைச் சற்று மாற்றி மாற்றி, 10 முறை ஓட்டுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., பக்கத்துத் திருச்செந்தூரில் 69 செ.மீ. மேகக்கூட்டம் எங்கே நிலைகொள்ளும் என்பதில் நல்ல மாடலும் 50 கி.மீ. பிசகும்; ஒரே ஓட்டத்தை நம்பினால் அத்தனை மழையும் கடலில் பெய்ததாகக் காட்டிவிடலாம். பத்தில் நான்கு ஓட்டங்கள் தாமிரபரணிப் படுகையில் 20 செ.மீ. தாண்டினால், முகாமைத் திறக்கலாமா என்று பேச அது போதும்.

மாடலுக்கு டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மென்பொருள், இலவசம். மாடல் பகுதியின் ஓரங்களில் கொடுக்க வேண்டிய எல்லைத் தரவுக்கு, அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் உலகளாவிய கணிப்பு ஜிஇஎஃப்எஸ்: 31 ஓட்டங்கள், ஒரு நாளைக்கு 4 முறை, அமேசான் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்பகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஏ, பி என்று இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. பல அழுத்த மட்டங்கள் பி-யில்தான் இருப்பதால் இரண்டையும் எடுங்கள். நேம்லிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் எழுதும் மட்ட எண்ணிக்கை, மெட்கிரிட் (எல்லைத் தரவை மாடல் கட்டங்களுக்கு மாற்றும் நிரல்) தரும் கோப்பில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், மாடலுக்கான தொடக்கக் கோப்புகளை உருவாக்கும் ரியல் நிரல் உடனே நின்றுவிடும்.

சர்வரை மும்பையில் எடுக்காதீர்கள். அந்தத் தரவு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது, கணக்கும் அங்கேயே நடக்கட்டும். மழை வரைபடத்தை மட்டும் இங்கே இறக்குங்கள். முழு வெளியீட்டையும் இறக்கினால் ஜிபி கணக்கில் பில் ஏறும்.

9 கி.மீ. கட்டங்கள் கொண்ட பெரிய பகுதி, அதற்குள் 3 கி.மீ. கட்டங்கள் கொண்ட சிறிய பகுதி என இரண்டு அடுக்கு போதும். 3 கி.மீ. அடுக்கில் குமுலஸ் திட்டத்தை (கட்டத்தைவிடச் சிறிய மழைமேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதி) அணைத்துவிடுங்கள். ஒரு கோருக்குக் குறைந்தது 25×25 கட்டமாவது கொடுங்கள்: 200×200 என்றால் 64 கோர்தான், அதற்கு மேல் எடுத்தால் வேகம் கூடாது, வாடகைதான் கூடும். நேர இடைவெளி கி.மீ. அளவின் 6 மடங்கு வினாடி, அதாவது 9 கி.மீ.க்கு 54. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் அது தாங்காமல் மாடல் செத்துவிடுவதுண்டு. மாடல் எழுதும் ஆர்எஸ்எல் எரர் என்ற பிழைப் பதிவுக் கோப்புகளில் சிஎஃப்எல் (நேர இடைவெளி அதிகம் என்பதற்கான எச்சரிக்கை) என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இடைவெளியை 45 வினாடி ஆக்குங்கள், அதற்கும் அடங்காவிட்டால் 36.

ஸ்பாட் என்ற மலிவு வாடகை சர்வரை அமேசான் 2 நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பைக் குறித்த இடைவெளியில் எழுத வைத்தாலும், அந்த இடைவெளி மாடலின் நேரம், கடிகார நேரம் அல்ல. பயிற்சிக்கு ஸ்பாட் நல்லது. புயல் சின்னம் உருவான பிறகு முழு வாடகை சர்வர்தான்.

"ஐஎம்டி (இந்திய வானிலை ஆய்வு மையம்) இருக்கும்போது இது எதற்கு?" என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். எச்சரிக்கை விடுவது அவர்கள் வேலை. இது உங்கள் ஏரி, உங்கள் தாழ்வான தெரு குறித்து உள்ளே முடிவெடுக்க மட்டுமே, பொதுவில் போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு போதுமே என்பவர்களுக்கு: கூகுள் டீப்மைண்டின் கிராப்காஸ்ட் மாடல் 10 நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடும், ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 28 கி.மீ. காயல்பட்டினமும் திருச்செந்தூரும் அதற்கு ஒரே இடம் மாதிரிதான்.

கணிப்பைச் சரிபார்க்கும்போது கவனம். நம் மழைமானிக் கணக்கு காலை 8.30-க்கு முடிகிறது, அதாவது உலக நேரம் (யுடிசி) 03 மணி. டபிள்யூஆர்எஃப் தருவதோ ஓட்டம் தொடங்கியதிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் மழை. இன்றைய 03 யுடிசி மதிப்பிலிருந்து நேற்றைய 03 யுடிசி மதிப்பைக் கழித்தால்தான் ஒப்பிட முடியும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்த மழைமானி அளவுகள் பல இடங்களில் இன்னும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவும் வாட்ஸ்அப் படமாகவும்தான் வருகின்றன. மணிக்கு மணி அளவை எண்ணாகவே, ஒரு சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) கோப்பாகக் கொடுப்பதற்கு எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை.