சிக்ரி வாசலைத் தாண்டிச் சென்னைக்கு எதற்கு?

ஆச்சி,

போன வாரம் நீங்களும் அண்ணனும் மகளோடு வந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்ல வேண்டியது வேறு. சென்னைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சீட்டுக்காகத் தேவகோட்டை வீட்டுப் பங்கை அடகு வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 15,800 ரூபாய்க்கு மேல் போகும். கட்டி முடிக்கையில் 19 லட்சம் கொடுத்திருப்பீர்கள். இதில் ஒரு பங்கு ரசீதில்லாத நன்கொடை வேறு. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது. அரிசி மில் கணக்குப் பார்க்கும் அண்ணனுக்கு இந்தப் பேரேட்டை நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று சிங்கப்பூர் சித்தப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மகள் என்ன சொன்னாள் என்று கவனித்தீர்களா? கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். மில் ஆபீஸ் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றிக் கேட்டதும் இருபது நிமிடம் பேசினாள். முனையில் வெள்ளை பூத்திருந்ததை ஆப்ப சோடாத் தண்ணீரால் கழுவி வாசலின் தடவினாளாம். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை வைத்துப் பேட்டரியின் ஒவ்வொரு அறையையும் பார்த்தாளாம். ஐந்து அறையில் 1.25, ஒன்றில் மட்டும் 1.15. "அந்த ஒண்ணு ஏன் சார் அப்படி ஆச்சு?" என்று என்னிடமே கேட்டாள். பதினேழு வயதில் இந்தக் கேள்வி வருகிற பிள்ளையைக் கோடிங் வகுப்பில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்தக் கேள்விக்குப் பெயர் மின்வேதியியல், அதாவது மின்சாரமும் வேதிமாற்றமும் சேர்கிற இடத்தைப் படிக்கும் துறை. அதற்கான நாட்டின் பெரிய ஆய்வுக்கூடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற சிக்ரிதான், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே பி.டெக். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த படிப்பு, கலந்தாய்வு வழியாகவே சேரலாம். காரைக்குடியில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

என்ன படிப்பார்கள்? பேட்டரிக்குள் அயனி என்கிற மின்னூட்டத் துகள் எப்படி நகர்கிறது, ஏன் நாளடைவில் சோர்கிறது, லித்தியம் செல் ஏன் சூடாகித் தீப்பிடிக்கிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, முலாம் எப்படி ஒட்டுகிறது, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது எப்படி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவைப்படுகிறது. அதைக் குறைப்பதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற போட்டி. துருவைச் சோதிக்க மண்டபம் கடற்கரையிலும் சிக்ரிக்கு ஒரு நிலையம் உண்டு. உப்புக்காற்றில் நிற்கிற பாலத்துக்கும் காற்றாலைக்கும் அந்த அறிவு வேண்டும்.

"இதுக்கு வேலை இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். நம் நாடு கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 1991-ல் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, கையில் டாலர் தீர்ந்து, சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தோம். உங்கள் கொழும்பு உறவுக்காரர்களிடம் 2022-ஐக் கேட்டுப் பாருங்கள். பணம் கொடுக்க வழியில்லாமல் எரிபொருள் கப்பல் கடலில் நின்றது, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிபொருளை வாங்கியே வாழ்கிற எந்த நாட்டுக்கும் இது வரலாம்.

வெயில் நம்முடையது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. ஆனால் நாம் விளக்குப் போடுகிற நேரத்தில் வெயில் இருக்காது. பகல் மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வேண்டும், அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் செல்லில் பெரும்பகுதி இன்னும் சீனாவிலிருந்து வருகிறது. எண்ணெய்க்குப் பதில் செல்லுக்குக் கைநீட்டினால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆனாலும் வித்தியாசம் உண்டு. டீசல் எரித்த அன்றே தீர்ந்துவிடும், மறுமாதம் மறுபடி வாங்க வேண்டும். செல் வாங்கினால் பல வருடம் உழைக்கும். அதை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டால் அந்தப் பணமும் வெளியே போகாது. செய்யத் தெரிந்த ஆட்கள்தான் குறைவு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கிற மாதிரி இங்கே நடக்காது. முதல் சம்பளம் சித்தப்பா மகனுடையதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை வந்தால் எம்.டெக்., பி.எச்.டி. என்று இன்னும் சில வருடம் ஆகும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் விடுதிச் செலவு மிச்சம், வீடும் கையில் இருக்கும்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை வாருங்கள். 200-க்கு அவள் கட்-ஆஃப் எவ்வளவு என்று பார்த்து விருப்ப வரிசையை அன்றைக்கே எழுதிவிடலாம். சித்தப்பாவிடம் நானே போனில் பேசுகிறேன். அப்புறம், அந்த ஹைட்ரோமீட்டர் அளவெல்லாம் குறித்து வைத்திருக்கும் நோட்டையும் அவளை எடுத்துவரச் சொல்லுங்கள்.