வாசகர் கேள்வி – பதில்: ஓடைக்கரையில் நிற்பது எந்த மரம்?

கேள்வி: வால்பாறையில் எங்கள் காப்பித் தோட்டத்து ஓடைக்கரையில் வானளாவ ஒரு மரம் நிற்கிறது. கிளைகளை ஒட்டி முள்ளுருண்டை போன்ற காய்கள் காய்க்கின்றன. சிலர் துரியன் என்கிறார்கள். சிலர் அயனிப்பலா என்கிறார்கள். இது என்ன மரம்? கன்று வளர்க்க இயலுமா?
– வாசகி, வால்பாறை

பதில்: கடிதத்துடன் தாங்கள் அனுப்பியிருந்த இலையைத் திருப்பிப் பார்த்ததுமே பாதி ஐயம் தீர்ந்துவிட்டது. மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சையாகவும், அடிப்புறம் முழுவதும் வெள்ளியும் பொன்னும் கலந்தாற்போன்ற நுண்செதில்கள் படிந்தும் இருக்கிறது. அயனிப்பலாவின் இலையில் இச்செதில்கள் இரா. அதன் காம்பைக் கிள்ளினால் வெண்பால் வடியும், தங்கள் மரத்தில் வடியாது. துரியனுக்கும் இத்தகைய செதில்கள் உண்டு என்றாலும், அதன் பூவில் இதழ்களும் பழத்தில் உண்ணத்தக்க சதையும் இருக்கும். தங்கள் மரத்தின் பூக்கள் இதழின்றிக் குழல் வடிவில் கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூப்பதாகவும், காய் முற்றியதும் வெடித்துச் சதையில்லாத பெரிய விதைகளை உதிர்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது வெடிப்பலாதான். குரங்குப்பலா என்றும் சொல்வார்கள். பெயரில் பலா இருந்தாலும், உறவு துரியனோடுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளுக்கே உரிய இம்மரத்தின் பூக்களையும் விதைகளையும் நம்பித்தான் சிங்கவால் குரங்குகள் ஆண்டின் சில மாதங்களைக் கழிக்கின்றன. ஆதலால் உதிரும் விதைகளில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மரத்தடியிலேயே விட்டுவிடும்படி தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கன்று வளர்க்க நிச்சயமாக இயலும். ஆனால் நெல்லையும் பயறையும் போல இவ்விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் வற்றினால் முளைப்புத்திறன் போய்விடும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பொறுக்கிய ஓரிரு நாள்களுக்குள், மட்கிய இலைதழை கலந்த மண்ணை நிரப்பிய ஆழமான நாற்றுப்பையில் விதையின் பருமன் அளவுக்கு மட்டும் புதைத்து, நிழலில் வைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எலியும் முள்ளம்பன்றியும் விதையைத் தேடி வரும் என்பதால் மேலே கம்பிவலை போடுவது நல்லது.

கன்று முழங்கால் உயரத்தைத் தாண்டிய பின், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்தில், மற்ற மரங்களின் அரைநிழலில் நடுங்கள். வெட்டவெளியில் நட்டால் கோடை வெயிலில் இலை கருகிவிடும். நிழலில் மெதுவாக வளர்வதைக் கண்டு சோர்ந்து, மேலிருக்கும் நிழல் மரங்களை ஒரேயடியாகக் கழித்துவிடாதீர்கள். கன்று தழைக்கத் தழைக்க ஆண்டுக்குச் சில கிளைகளாகக் கழித்தால் போதும். ஓடைக்கரையின் ஈரமும் வால்பாறையின் உயரமும் இதற்கு மிகப் பொருத்தமானவை. சமவெளியில் இருக்கும் உறவினர்களுக்கு மட்டும் கன்று கொடுக்க வேண்டாம். அங்குள்ள வறட்சியை இது தாங்காது.