‘பிரைட்பர்ன்’ படம் பழி போடுவது இரத்தத்தின் மீதா, வளர்ப்பின் மீதா?

கேள்வி: ‘பிரைட்பர்ன்’ படத்தில் அன்பான பெற்றோர் எடுத்து வளர்த்த பிள்ளை கொலைகாரனாகிறான். ஏன் என்று படம் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. எடுத்து வளர்க்கிற பிள்ளையை நம்பக் கூடாது என்பதுதான் படத்தின் கருத்தா?

பதில்:

படத்தை இப்போதுதான் பார்த்துவிட்டுக் கோபத்தோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அல்லது ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கும் யோசனை வீட்டில் இருந்து, படம் வயிற்றைக் கலக்கியிருக்கலாம். இரண்டாவதென்றால் இந்தப் பதில் உங்களுக்குத்தான். நானும் எடுத்து வளர்த்த பிள்ளை. ஊர் இலங்கையின் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். 1990இல் அங்கே நடந்த கொலைகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு, நான் எப்படி அம்மாவின் கைக்கு வந்தேன் என்று விளக்கத் தேவையில்லை.

முடிவு வரை சொல்லித்தான் எழுதப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2019இல் வந்த படம். இயக்கம் டேவிட் யாரோவெஸ்கி, தயாரிப்பு ஜேம்ஸ் கன். எழுதியவர்கள் அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த பிரையன் கன்னும் மார்க் கன்னும். கன்சாஸில் ஒரு பண்ணை, பிள்ளைக்காக ஏங்கும் தம்பதி, வானத்திலிருந்து விழும் ஒரு கலம், அதற்குள் ஒரு குழந்தை. சூப்பர்மேன் பிறந்த கதை அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பலம் வெளிப்படும்போது அவன் யாரையும் காப்பாற்றக் கிளம்பவில்லை என்பதுதான் வித்தியாசம். இது புதுமையே இல்லை என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள், அதனால் முதலே சொல்லிவிடுகிறேன். 1938இல் நாம் அறிந்த சூப்பர்மேன் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, அதே ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அந்தப் பெயரில் ஒரு வில்லனை எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் அண்ணன்மார் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியும் தொடக்கத்தில் நல்லவன் இல்லை. பலம் கிடைத்தவுடன் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்பதை இந்தக் கதைகளை எழுதியவர்களே முழுதாக நம்பவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். என் குறை அதற்கு நேர்மாறானது. படம் காரணத்தைத் தேவைக்கு அதிகமாகவே சொல்கிறது. வகுப்பில் அந்தப் பையன் பிராண்டன் எழுந்து ஒரு வகைக் குளவியைப் பற்றிச் சொல்கிறான்: அதற்குக் கூடு கட்டத் தெரியாது, மற்றக் குளவிகளை வலுக்கட்டாயப்படுத்தித் தன் குஞ்சுகளை வளர்க்க வைக்கும். பின்னால் கொட்டிலுக்குள் ஒளித்து வைத்த கலம் இரவில் அவனைக் கூப்பிட்டு, உலகத்தைப் பிடி என்று கட்டளையே போடுகிறது. அந்த இடத்தோடு பிள்ளைக்குத் தெரிவு இல்லாமல் போய்விடுகிறது. செய்ததெல்லாம் இரத்தத்தின் வேலை என்றாகிவிடுகிறது. பயமுறுத்துவதற்கு அது சுலபமான வழி. ஆனால் எங்களைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சும் அதேதான்.

2020 ஊரடங்கு நாட்களில் ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டில்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். மச்சான்மாரோடு கூடத்தில் லாப்டொப்பை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பாயில் கிடந்தோம். உடற்பயிற்சி வகுப்பில் நம்பிப் பின்னால் சாயும் பிராண்டனைப் பிடிக்க வேண்டிய பிள்ளை அவனை விழ விட்டுவிடுகிறாள். ஆசிரியர் சொல்ல, தூக்கிவிடக் கை நீட்டுகிறாள். அவன் அந்தக் கையைப் பிடித்து நொறுக்குகிறான். பெரியம்மா அரிசிச் சுளகோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “ஆர் பெத்ததெண்டு தெரியாததுகளை எடுத்து வளத்தா மறுகா இதுதான்” என்றார். என்னை நினைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். சொன்ன பிறகுதான் அவருக்கே நான் அங்கே கிடப்பது உறைத்தது. சுளகில் இருந்த கை அப்படியே நின்றது. மச்சான் படத்தை நிறுத்தவும் இல்லை, யாரும் ஒன்றும் பேசவும் இல்லை. பெரியம்மா நல்ல மனுசி, என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவர் வாயிலும் அந்தப் பேச்சு தயாராக இருந்ததே, அதுதான் எனக்கு வலித்தது.

எனக்கும் ஏறக்குறைய அந்தப் பையனின் வயதில் ஒரு சம்பவம் உண்டு. வயலில் கிரிக்கெட் விளையாடும்போது வாக்குவாதம் முற்றி, பக்கத்துத் தெருப் பையனின் முன்பல்லை உடைத்துவிட்டேன். அவனுடைய மாமி எங்கள் வேலியடியில் வந்து நின்று, “என்னகா, ஆர்ர புள்ளையோ, என்ன சாதிப் புத்தியோ” என்று தொடங்கினார். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அடிச்சது என்ர புள்ள. நான் வளத்த புள்ளதான் அடிச்சிருக்கான். பல்லுக்கு நான் பொறுப்பு, அவன நான் பாத்துக்கிறன். பெத்தவங்களப் பத்தி ஒரு சொல்லு கதைக்கப்படாது” என்றார். அதோடு என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். அந்தப் பையன் முன்னால் நான் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பல் வைத்தியருக்கான செலவையும் கொடுத்தார். இரவு எனக்குச் சோறு போட்டார்.

அதனால்தான் இந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பெற்றோர். அம்மா டோரி என்ன நடந்தாலும் என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான் என்கிறாள். அப்பா கைல் மகனை வேட்டைக்கென்று காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்னந்தலையில் துவக்கால் சுடுகிறார். ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார், மற்றவர் கொல்லப் பார்க்கிறார். செய்தது நீ, நீ எங்கள் பிள்ளை, இதை நாங்கள் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று சொல்லும் இடம் நடுவில் ஒன்று இருக்கிறது. அங்கே படத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. கலம் கொட்டிலில் இருந்ததை மகன் தானாகக் கண்டுபிடிக்கும்வரை மறைத்து வைத்ததும் அவர்கள்தான். பொய் சொன்னீர்கள் என்று அவன் கத்தும்போது அவன் பக்கம்தான் நின்றேன். கொலைகளை நியாயப்படுத்துகிறேன் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். பிறந்த கதையை மறைப்பது தவறு என்று மட்டும்தான் சொல்கிறேன். கடைசியில் எல்லாம் தெரிந்த பிறகும் டோரி அவனிடம் அன்பாகப் பேசியபடி கலத்தின் உலோகத்துண்டால் குத்தப் பார்க்கிறாள், அவன் அவளை வானத்துக்குத் தூக்கிப் போய்க் கைவிடுகிறான். அந்தக் காட்சி நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை.

சாமியை ஏன் இதற்குள் இழுக்கிறாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருந்தும் சொல்கிறேன். எங்கள் பக்கம் கோயில்களில் பாடும் கண்ணகி வழக்குரை என்ற கதைப்பாட்டில் கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். மதுரைக்கு இவளால் அழிவு என்று சொல்லிப் பேழையில் வைத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். வணிகர் கையில் கிடைத்து மாநாகர் வீட்டில் வளர்கிறாள். கன்சாஸுக்கு முன்பே எங்களிடம் இந்தக் கதை இருந்திருக்கிறது. அவளும் நகரத்தை எரித்தாள். ஆனால் பேழையில் வந்தவள் என்பதற்காக எரித்தாள் என்று எந்தப் பாட்டும் பாடவில்லை. புருஷனை விசாரியாமல் கொன்ற அநீதிக்காக எரித்தாள். அப்புறம் ஊர் என்ன செய்தது? துவக்கைத் தூக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடவும் இல்லை. இன்றைக்கும் வைகாசிச் சடங்கில் எங்கள் பக்கத்துச் செட்டிபாளையம் கண்ணகி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுகிறார்கள். ஒரு வருடம் ஆற்றினால் போதும் என்றும் விடுவதில்லை, ஒவ்வொரு வருடமும் செய்கிறார்கள். பலமும் கோபமும் உள்ள பிள்ளையோடு சேர்ந்து வாழும் வழி அது. படத்தில் இல்லாதது அதுதான்.

கேள்விக்கு வெளியே ஒன்று, மன்னித்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகப் பத்திரம் எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் என் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “இது வளப்புப் புள்ளக் கேஸ், ஒருக்கா இஞ்ச வந்து பாருங்க” என்று உள்ளே கூப்பிட்டார். எனக்குப் பின்னால் என் மகள் நின்றாள். சட்டப்படி எடுத்து வளர்ப்பதற்கு இந்த நாட்டில் 1941ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்தும் அதை மெதுவான குரலில் கேட்கத் தெரியவில்லை. அந்த மேசைக்கு ஒரு தனி அறை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் கேள்விக்கு நேராகச் சொல்வதானால்: எடுத்து வளர்க்கிற பிள்ளையைக் கண்டு பயப்படச் சொல்லிப் படம் திட்டமிட்டு எடுக்கப்பட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் குளவியும் கலமும் சேர்ந்து அந்தப் பயத்துக்குத் தீனி போடுகின்றன, அது படத்தின் பலவீனம். திகில் படமாகப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் இழுவை இல்லாமல் போகும். பிள்ளை எடுக்கும் யோசனை இருந்தால் எடுங்கள், விபரம் தெரியத் தொடங்கும்போதே அதனிடம் சொல்லிவிடுங்கள். சின்னவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் நித்திரையான பிறகு படத்தைப் போடுங்கள். உணவகக் காட்சியில் விளக்குகள் விட்டு விட்டு எரியத் தொடங்கினால், அடுத்து வருவது கண்ணில் குத்திய கண்ணாடித்துண்டு. அதைப் பார்க்க முடியாதவர்கள் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம், கதையில் எதுவும் விட்டுப்போகாது.