பாக்குலா (பேக்கப் மென்பொருள்): கிளையன்ட் பதில் தருகிறது, பேக்கப் மட்டும் ஓடவில்லை. ஏன்?
பேக்கப்பை இயக்கும் டைரக்டரிலிருந்து, பேக்கப் எடுக்கப்படும் கணினியான கிளையன்டின் நிலையைக் கேட்டால் பதில் வருகிறது, ஜாப் (பேக்கப் பணி) மட்டும் ஸ்டோரேஜை எட்ட முடியாமல் நிற்கிறது என்றால், எதிர்த்திசையைப் பாருங்கள். டைரக்டர் கிளையன்டின் 9102 போர்ட்டுக்குப் போகும். ஆனால் தரவை அனுப்ப, வழக்கமாகக் கிளையன்ட்தான் ஸ்டோரேஜ் டீமனின் (தரவைச் சேமிக்கும் பின்னணி நிரல்) 9103 போர்ட்டுக்கு இணைப்பைத் தொடங்கும். அந்த முகவரி டைரக்டர் கான்ஃபிக்கின் ஸ்டோரேஜ் பகுதியில் இருப்பது. அங்கே 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருந்தால் கிளையன்ட் தன்னிடமே தேடும்! சர்வரின் ஐபியையோ, கிளையன்டால் கண்டறிய முடிந்த பெயரையோ போட்டு டைரக்டரை ரீலோட் செய்யுங்கள்.

பிறகு கிளையன்ட் கணினியிலிருந்தே 9103-க்கு டெல்நெட் (போர்ட்டுக்கு இணைப்பு கிடைக்கிறதா எனச் சோதிக்க உதவும் கட்டளை) செய்யுங்கள். சர்வரிலிருந்து சோதிப்பதில் பயனில்லை. உடனே மறுத்தால், பெரும்பாலும் டீமன் ஓடவில்லை, அல்லது 127.0.0.1-இல் (தன் கணினிக்குள்ளேயே) மட்டும் கேட்கிறது. பதிலின்றித் தொங்கினால் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். நீண்ட ஜாப் பாதியில் அறுந்தால் 'ஹார்ட்பீட் இன்டர்வல்' (இணைப்பை உயிர்ப்புடன் வைக்க அனுப்பும் சிறு சமிக்ஞைகளின் இடைவெளி) மதிப்பை 60 வினாடியாக வையுங்கள்.