பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் 30 வருடம் குடம் அடித்தவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது. ஆனால் எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்பது மட்டும்தான் வாயில் வருகிறது. போன வாரம் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைக்கு அழைத்துப் போயிருந்தோம். காப்புப் பாட்டு தொடங்கியதும் கூடவே பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. பெரியப்பா எல்லோர் முன்னாலும், "பாட்டு வரும், பேச்சு வராதா? நடிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. இது எப்படி அண்ணாச்சி? இன்னொன்றும் கேட்க வேண்டும். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு வலது மூளையைத் தூண்டும் பயிற்சி நடத்துகிறார்கள். மகனைச் சேர்க்கலாமா?

வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அப்பா நடிக்கவில்லை. இந்த வரியைப் பெரியப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

வலது கை, கால் விழுந்திருக்கிறது என்றால் அடிபட்டது மூளையின் இடப்பக்கம். வலது கைப் பழக்கமுள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்குப் பேச்சு உருவாவது அங்கேதான். சொல்லைத் தேடி எடுப்பது, வரிசையில் நிறுத்துவது, அதற்கேற்ப நாக்கையும் உதட்டையும் அசைப்பது எல்லாம் அந்தப் பக்கத்து வேலை. மெட்டைப் பிடித்துக்கொள்வதில் வலப்பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதோடு, 30 வருடம் பாடிய பாட்டில் முதல் சொல் கிடைத்தால் போதும், மீதி தானாகப் பின்னால் வரும். "தண்ணீர் கொடு" என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும், சாமி பெயரும், வசவும்கூடப் பாட்டைப் போலத் தப்பிப் பிழைப்பதுண்டு.

1861-இல் பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 51 வயது நோயாளி ஒருவரைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார் அவர். கேட்பது பெரும்பாலும் புரியும். தான் சொல்ல வந்தது எதிரே இருப்பவருக்கு விளங்காவிட்டால் கோபம் வரும். அப்போது ஒரு வசவு மட்டும் தெளிவாக வந்து விழும். உடனிருந்த நோயாளிகள் அவரைத் தன்னலக்காரர், வன்மம் பிடித்தவர், திருடர் என்றெல்லாம் பேசினார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. எனக்கோ அந்த நோயாளி அந்த மருத்துவமனையில் கழித்த 21 ஆண்டுகள்தான் நினைவில் நிற்கின்றன.

எங்கள் வீட்டிலும் இதே தவறு நடந்தது. ஆச்சிக்குப் பக்கவாதத்தில் அடிபட்டது மூளையின் வலப்பக்கம். பேச்சு கணீரென்று இருந்தது. ஆனால் இலையில் வலது பாதியை மட்டும்தான் சாப்பிடுவாள்; இடப்பக்கம் வைத்தது எதுவாக இருந்தாலும் தொடமாட்டாள். மருமகளின் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்று வீடே பேசியது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தெரிந்த நர்ஸ் ஒருவர் வந்தார், ஒன்றும் சொல்லாமல் இலையைத் திருப்பி வைத்தார். ஆச்சி மீதியையும் ஆசையாகச் சாப்பிட்டு முடித்தாள். கண்ணில் குறையில்லை; இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவள் கவனத்துக்குள் வரவில்லை.

நினைவில்கூட இப்படி நடக்கும். 1978-இல் இத்தாலியில் இத்தகைய நோயாளிகளிடம், மிலான் தேவாலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னதும், அதுவரை விட்டுப்போன கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நம் ஊர் ஆள் ஒருவர் ரத வீதியின் ஒரு பக்கத்துக் கடைகளை மட்டும் மனப்பாடமாகச் சொல்லி, திரும்பி நின்றதும் மறுபக்கத்துக் கடைகளை மட்டும் சொல்வதைப் போல.

பயிற்சி வகுப்புக்கு மகனை அனுப்பாதீர்கள். வேலை பிரிந்திருப்பது உண்மை; ஒரு பக்கம் தூங்குகிறது என்பது பொய். இரண்டு பக்கத்தையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் இணைக்கின்றன. டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் பாலத்தில் எந்நேரமும் வண்டி போய்வருகிறதே, அப்படி. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,000-க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்களைப் பிரிக்க அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை அப்பாவின் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் கொடையில் நடந்ததைச் சொல்லுங்கள். 1973-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நிபுணர்கள் எழுதிய சிகிச்சை முறை ஒன்று உண்டு. அன்றாடச் சொற்றொடரை எளிய மெட்டில் இழுத்துச் சொல்ல வைத்து, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்டச் செய்வார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. கேட்பது புரிந்து, சொல்ல மட்டும் வராதவர்களுக்கே இது அதிகம் பொருந்துகிறது. உங்கள் அப்பா தாளக்காரர்; இடது கை நன்றாக இருக்கிறது. மடியில் குடத்தை வைத்தே "தண்-ணீர் வேண்-டும்" என்று தொடங்கிப் பார்க்கலாம். பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் மட்டும் பேச்சு திரும்பாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாமல் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்து இருக்கிறது.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பேசுகிறவரின் குரலில் இருப்பது அன்பா ஏளனமா என்று கண்டுகொள்வதில் மூளையின் வலப்பக்கத்துக்கே முதலிடம். தம்பிக்கு அந்தப் பக்கத்தில் அடிபடவில்லை. கொடையில் அவர் சொன்னது எந்தக் குரலில் சொன்னாரோ, அந்தக் குரலோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. இனி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், அதுவும் அப்படியே போய்ச் சேரும்.

அன்புடன்,
அண்ணாச்சி