வீட்டுக்கடனும் ஏல நோட்டீஸும்: கேள்வி பதில்

வங்கியின் வாராக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கு நடத்த வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, வேலை போய்விட்டது. நான்கு தவணை நின்றுவிட்டது. முழுக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. 61-ஆம் நாள் வீட்டைப் பூட்டிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றதால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கியை அனுமதிக்கும் சட்டம் அது. கெடு முடிந்தால் முதலில் நடப்பது காகிதத்தில் மட்டும் சுவாதீனம், அதாவது வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாக அறிவிப்பது: கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டுவார்கள், வீட்டின் நான்கு எல்லைகளோடு இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். ஆட்களை வெளியேற்றிச் சாவி வாங்க, பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் உத்தரவோடு வருவார்கள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வீடு தப்புவது இந்த 60 நாளில்தான். எழுத்தில் பதில் கொடுங்கள். எந்தத் தொகை தவறு, இப்போது எவ்வளவு கட்ட முடியும், அடுத்த வருமானம் எப்போது, தவணைக் காலத்தை நீட்ட முடியுமா என்று தெளிவாகக் கேளுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நின்ற தவணைகள் மொத்தத்தையும் கட்டினால் கணக்கு ஒழுங்காகிவிடும். ஒன்றிரண்டு மட்டும் கட்டினால் வாராக்கடன் என்ற பெயர் போகாது. பலர் ஏமாறுவது இங்கேதான். எதைக் கொடுத்தாலும் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மேலாளர் வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

கேள்வி: நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி செல்லாதுதானே?

பதில்: செல்லும். கதவில் ஒட்டுவார்கள், பத்திரிகையில் போடுவார்கள். உங்களுக்கு மட்டும்தான் விவரம் தெரியாமல் போகும்.

கேள்வி: ஏலத்தை நிறுத்தித் தருவதாக ஒருவர் முன்பணமும் பவர் பத்திரமும் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பவர் எழுதிக் கொடுத்தால் வங்கியிடமிருந்து தப்பிய வீடு அவரிடம் போகும். வெற்றுத் தாளில் கையெழுத்தும் கூடாது.

கேள்வி: அடுத்த வாரம் ஏலம். மைத்துனர் முழுப் பணமும் தருகிறார். மீட்கலாமா?

பதில்: இன்றே போங்கள். ஆனால் உரிமை என்று கேட்க முடியாது. 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை. அதன்பின் வங்கி இசைந்தால் உண்டு.

இடையில் ஒருவர்: தவறு. அடமானம் வைத்தவனுக்கு விற்பனைப் பத்திரம் பதிவாகும் வரை உரிமை உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 60-ஆம் பிரிவைப் படியுங்கள்.

பதில்: படித்திருக்கிறேன். சர்ஃபாசி சிறப்புச் சட்டம். முரண்பட்டால் அதுவே மேலோங்கும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது.

அவரே மீண்டும்: ஏலம் முடிந்த பிறகும் பணம் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றமே அனுமதித்திருக்கிறதே?

பதில்: அனுமதித்தது. அந்த பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2023-இல் அந்த உத்தரவை ரத்து செய்து, ஏலத்தில் எடுத்தவருக்கே சொத்து என்றது. பாதிக் கதையைச் சொல்லி அடுத்த வாரம் ஏலம் உள்ளவரை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். நடைமுறையில் குறை இருந்தால், உதாரணமாக ஏலத்துக்கு முன் தர வேண்டிய 30 நாள் நோட்டீஸ் தராவிட்டால், அதைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் சொல்லலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள் கெடு. சிவில் கோர்ட்டில் தடை கேட்டு அலையாதீர்கள். சர்ஃபாசியின் 34-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

அவரே மீண்டும்: அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

பதில்: அதை உச்ச நீதிமன்றத்திடம் சொல்லுங்கள். அடுத்தவர்.

கேள்வி: வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு வருகிறார்கள்.

பதில்: காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு எழுதுங்கள், முத்திரை வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், கட்டணம் இல்லை.

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கணவர் இறந்துவிட்டார், கடன் இருவர் பெயரிலும்.

பதில்: அம்மா, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். முதலில் கடன் கோப்பில் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கடன் கொடுக்கும்போதே பல வங்கிகள் ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துவிடும். அது இருந்தால் கடனின் பெரும் பகுதி தீரக்கூடும். வங்கி தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நகைக்கடன் ஏலத்துக்கும் இதேதானா?

பதில்: இல்லை. அது வேறு.

கேள்வி: மனைவி பெயரில் வந்த நோட்டீஸை வாங்காமல் விட்டால்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நாளைக் காலை தபால் நிலையத்துக்குப் போய் வாங்குங்கள். உறையைக் கிழித்துப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதி தேவைப்படும்.