கத்தோலிக்க சபைக்கு பைபிள்ல ஆதாரம் இருக்கா? பாப்பரசருக்கு அதிகாரம் கொடுத்தது யாரு?

கூட வேலை பாக்குறவர் "போப்பு, பூசை, செத்தவங்களுக்கு ஜெபம், இதெல்லாம் பைபிள்ல எங்க இருக்கு, வசனம் காட்டு"ன்னு கேக்குறாரு, பதில் சொல்ல முடியாம நிக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. கூட வேலை பாக்குறவர்னுதான் போட்டிருக்கீங்க, ஆனா நீங்க எழுதியிருக்கிற விதத்தப் பாத்தா அது வீட்டு ஆளுன்னுதான் எனக்குத் தோணுது. வெளியாளு கேட்டா ராத்திரித் தூக்கம் போகாது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. என் விசயத்துல கேட்டது கூடப்பொறந்த தம்பி, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எனக்கு ஊரு தங்கச்சிமடம். பங்குல 12 வருசமா ஞாயித்துக்கெழம பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். இறையியல் படிச்சவ இல்ல, குருமடத்துல படிச்சவங்க யாராச்சும் இதப் படிச்சா தப்ப திருத்துங்க, ஏத்துக்கிறேன். ஆனா பொம்பளைக்கு எதுக்கு இந்த வாதம்னு மட்டும் யாரும் வராதீங்க, எங்க கரையில தலைமுறை தலைமுறையா பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்து வேதத்தைக் காப்பாத்துனது பூரா பொம்பளைகதான்.

எங்கம்மா பாசிக்காரி. பாம்பன் பக்கம் சின்னப்பாலம்தான் அவுகளுக்குப் பொறந்த ஊரு, பத்து வயசுல இருந்து கடல்ல முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவுக. கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. விடியக்காலம் வாசப்படியில உக்காந்து பாறை கிழிக்காம இருக்க விரல் ஒவ்வொண்ணுலயும் பழைய சேலைத்துணியக் கிழிச்சு சுத்துவாக, சுத்தும்போதே வாய் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கிட்டிருக்கும், பத்து விரலுக்கும் சுத்தி முடிக்கிறதும் "ஆமென்" வர்றதும் சரியா இருக்கும். 53 மணி, சிலுவைப்பாதை, மாதா பிரார்த்தனை எல்லாமே காதால கேட்டுப் படிச்சது.

அம்மா தவறி 30-ம் நாள் பூசைக்கு முந்தின சாயங்காலம் நடந்ததச் சொல்றேன். தம்பி அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே கத்தோலிக்கத்த விட்டு ஒரு பாஸ்டரோட சபைக்குப் போயிட்டான், முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துட்டான். அடக்கத்துக்கு வந்தான், குழியில மண்ணு போட்டான், ஆனா கோவிலுக்குள்ள வரல, வெளிய பூவரச மரத்தடியிலயே நின்னுட்டான். 30-க்கும் வரமாட்டேன்னு சொல்லிவிட்டிருந்தான். நான் கூப்பிட்டு விட்டதுக்கு வந்தான். கையில அவன் பைபிளு, ஜிப்பு வச்ச கறுப்பு உறை, கடலுக்குக் கொண்டுபோய் கொண்டுபோய் உறை மடிப்புலயெல்லாம் உப்பு பூத்து வெள்ளையா கெடந்துச்சு, உள்ள பக்கத்துக்குப் பக்கம் செவப்புப் பேனா கோடு. அதப் பாத்ததும் எனக்கு கோவம் பாதி இறங்கிருச்சு. எங்க வீட்டு பைபிளு கண்ணாடி அலமாரியில சுரூபத்துக்குப் பக்கத்துல புதுசாவே இருக்கு.

"அக்கா, செத்தவுகளுக்காக ஜெபம் பண்ணுன்னு ஒரு எடத்துல காட்டு, நாளைக்கு நானும் வாறேன்"னான்.

நான் 2 மக்கபேயர் 12-ம் அதிகாரத்தை எடுத்தேன். போர்ல செத்துப்போன வீரர்களோட பாவத்துக்காக யூதா ரெண்டாயிரம் வெள்ளி திராக்மா வசூல் பண்ணி பரிகாரப் பலிக்கு எருசலேமுக்கு அனுப்புன எடம். சத்தமா வாசிச்சேன். அவன் அவனோட பைபிள்ல பொருளடக்கத்தை எடுத்து விரல வச்சு மேல இருந்து கீழ வர்றான், எஸ்தர், யோபு, சங்கீதம்னு வந்து மல்கியாவுக்கு அடுத்து நேரா மத்தேயு. மறுபடி மேல இருந்து வர்றான். "இதுல அப்படி ஒரு புத்தகமே இல்லையேக்கா. இது ரோமைக்காரவுக பின்னால சேத்ததுன்னு பாஸ்டர் சொன்னாரு".

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், உங்க ஆளுகிட்ட நீங்களும் அதையே கேளுங்க. "தம்பி, உன் விரலு வச்சிருக்கியே அந்தப் பட்டியலு, அத யாரு போட்டது? பைபிள்ல எந்த வசனத்துல அந்தப் பட்டியல் இருக்கு?"

எந்த வசனத்துலயும் இல்ல. மத்தேயு எழுதுனது வேதம், இன்னொரு அப்போஸ்தலர் பேர்ல சுத்திக்கிட்டிருந்த சுவிசேஷம் வேதம் இல்லைன்னு யாரோ ஒருத்தர் தீர்ப்பு சொல்லியிருக்கணும்ல. இப்ப நம்ம கையில இருக்கிற புதிய ஏற்பாட்டு 27 புத்தகமும் அப்படியே அடங்குன பட்டியல் முதல்ல வர்றது 367-ல அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதுன கடிதத்துல. 397-ல கார்த்தேஜ் சங்கத்துல ஆயர்கள் கூடிப் பட்டியல் போட்டாங்க, அதுல மக்கபேயரும் உண்டு. புரோட்டஸ்டண்டு பிரிவத் தொடங்குன லூத்தர் 1534-ல ஜெர்மன் பைபிள் போட்டப்போ இந்தப் புத்தகங்கள எடுத்து எறியல, படிக்க நல்லது, ஆனா மத்ததுக்குச் சமம் இல்லைன்னு தனியாப் பிரிச்சு வச்சாரு. 1546-ல கத்தோலிக்க ஆயர்கள் கூடுன திரெந்து சங்கம் இதெல்லாம் வேதம்தான்னு அழுத்திச் சொல்லுச்சு. அச்சடிக்கிற பைபிள்ல இருந்து இது பரவலா மறைஞ்சது 1826-க்கு அப்புறம், இங்கிலாந்துல இருந்த பைபிள் சங்கம் இந்தப் புத்தகங்கள அச்சடிக்க காசு கொடுக்க மாட்டோம்னு முடிவெடுத்தாங்க. அப்ப ரோமைக்காரவுக பின்னால சேத்தாங்கன்னு எப்படிச் சொல்றது?

சரி, கீழ வந்து, பைபிள லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோமே இந்தப் புத்தகங்களச் சந்தேகப்பட்டாரே, யூதர்களோட எபிரேய பைபிள்ல இல்லையேன்னு கேப்பீங்க. ஆமா, ரெண்டும் உண்மை, நான் மறைக்கல. இந்த ஒரு அதிகாரத்த வச்சே உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது செத்த ஆன்மா மோட்சத்துக்கு முன்னாடி சுத்தமாகுற நிலை, அது மொத்தத்தையும் நிரூபிச்சாச்சுன்னு நம்ம ஆளுக பேசுறதும் சரியில்ல. நான் சொல்றது, எது வேதம்ங்கிறதுக்கே ஒரு சபையோட வார்த்தைய நம்பித்தான் எல்லாரும் நிக்கிறோம், தம்பியும் அப்படித்தான், நானும் அப்படித்தான். 1 தீமோத்தேயு 3:15-ல உண்மைக்குத் தூணும் அடித்தளமும்னு பவுல் சொல்றது திருச்சபைய.

இன்னொண்ணு, இது எங்க கரைக்காரங்களுக்கே உள்ளது. முத்துக்குளித்துறை சனம் வேதத்துக்கு வந்தது 1530-கள்ல, லூத்தர் உயிரோட இருக்கும்போதே. சவேரியார் 1542-ல வந்து பிள்ளைகளக் கூட்டி வச்சு தமிழ்ல மந்திரம் மனப்பாடமாச் சொல்லிக் கொடுத்தாரு. இங்க மண்டபம் பக்கத்துல வேதாளையில 1549-ல கிரிமினாலி சாமியாரக் கொன்னாங்க, இயேசு சபையிலயே முதல் வேதசாட்சி அவருதான். 1693 பிப்ரவரி 4 ஓரியூர்ல இயேசு சபைச் சாமியார் அருளானந்தர் தலைய வெட்டுனாங்க. தமிழ்ல புதிய ஏற்பாடு முழுசா அச்சாகி வந்தது எப்பன்னு நெனைக்கிறீங்க? 1715. நம்ம ஆளு போடல, தரங்கம்பாடியில லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு போட்டாரு. அப்ப ஏறக்குறைய 180 வருசம் எங்க முன்னோருக்கு கையில பைபிள் இல்ல, மந்திரமும் பூசையும் உபதேசியாரும்தான். அந்தச் சனமெல்லாம் கிறிஸ்தவங்க இல்லையா? பேச்சால கேட்டதையும் கடிதத்தால கேட்டதையும் உறுதியாப் பிடிச்சுக்கங்கன்னு 2 தெசலோனிக்கேயர் 2:15-ல பவுலே எழுதுறாரு. எங்கம்மா பிடிச்சிருந்தது அந்தப் பேச்சால கேட்டது.

ஆனா இதச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சுல குத்துது, 1578-லயே கொல்லத்துல தம்பிரான் வணக்கம்னு தமிழ்ல ஜெபப் புத்தகம் அச்சடிக்கத் தெரிஞ்ச நம்ம சபை, சனத்து கையில பைபிளக் கொடுக்க ஏன் அவ்வளவு காலம் எடுத்துச்சுன்னு. 1995-ல கத்தோலிக்க அறிஞர்களும் புரோட்டஸ்டண்டு அறிஞர்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தாங்க, மக்கபேயர் மாதிரி புத்தகங்கள அதுல இணைத் திருமுறைன்னு தனியா வச்சிருக்காங்க. இப்படி ஒண்ணு இருக்குறதே தம்பிக்கு அன்னைக்குத்தான் தெரியும். எங்க பங்குலயே பாதிப்பேருக்குத் தெரியாது.

பாப்பரசர் விசயத்துக்கு வாறேன். மத்தேயு 16:18 பாறை வசனம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிரேக்கத்துல பேதுருன்னா சின்னக் கல்லு, பாறைக்கு வேற வார்த்தைம்பாங்க. ஆண்டவர் பேசுனது அரமேயம், அதுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை கேபா, யோவான் 1:42-ல அந்தப் பேர் அப்படியே இருக்கு. அடுத்த வசனத்துல கொடுக்கிற திறவுகோல் ஏசாயா 22:22-ல எலியாக்கீமுக்குக் கொடுக்கிற தாவீது வீட்டுத் திறவுகோல், அரசர் தன் அரண்மனைக் காரியஸ்தருக்குக் கொடுக்கிற பொறுப்பு, அந்தப் பொறுப்பு ஆளோட முடியாது, அடுத்த ஆளு வருவாரு. யூதாசு போன எடத்துக்கு மத்தியாவத் தேர்ந்தெடுத்த மாதிரிதான். இதுக்கும் எதிர்வாதம் இருக்கு, மத்தேயு 18:18-ல கட்டுற அதிகாரம் எல்லாச் சீடருக்கும் கொடுக்கப்படுது, அகுஸ்தினாரே பாறைன்னா பேதுருவா, பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவான்னு ரெண்டும் சொல்லி வாசிக்கிறவங்க முடிவெடுக்கட்டும்னு கடைசிக் காலத்துல எழுதியிருக்காரு. அதனால இந்த ஒரு வசனத்துல எதிராளிய மடக்கிரலாம்னு போகாதீங்க. அப்புறம் போப்பு சொல்றதெல்லாம் தப்பே இல்லாததுன்னு நாம நம்புறதா அவங்க நெனைக்கிறாங்க, அது இல்லவே இல்ல. அந்தத் தவறா வரம்ங்கிறது விசுவாசம், ஒழுக்கம் பத்தி சபை முழுசுக்கும் முடிவா ஒரு போதனைய அறிவிக்கும்போது மட்டும்தான், 1870-ல வத்திக்கான் சங்கம் வரையறுத்தது, அதுக்கப்புறம் அந்த முறையில ஒரு போதனைய அறிவிச்சது ஒரே ஒரு தடவை, 1950-ல மாதா விண்ணேற்பு.

கலாத்தியர் 2:11-ம் உங்க ஆளு கண்டிப்பா எடுப்பாரு, பவுல் பேதுருவ முகத்துக்கு நேரா எதிர்த்த எடம். எடுக்கட்டும். எனக்குப் பிடிச்ச வசனம் அது. பேதுருகிட்ட அதிகாரம் இல்லைன்னு பவுல் சொல்லல, நீ நடக்கிறது சரியில்லைன்னு சொன்னாரு.

நானும் ஒருக்கா அப்படிச் சொன்னவதான். அம்மா செத்த அன்னைக்கு துக்க மணி அடிக்கச் சொல்லி ஆளு அனுப்புனா, குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பங்குக்குக் கட்டுற தலைக்கட்டு வரி மூணு வருசம் பாக்கி இருக்கு, கட்டிட்டு வாங்கன்னு சொல்லி விட்டாக. வரி ஏன் பாக்கி? தம்பி போன விசைப்படகப் பிடிச்சு, அவனையும் சேத்து ஒன்றரை மாசம் அக்கரையில, இலங்கையில, உள்ள வச்சிருந்தாக, படகு இன்னும் வரல, ஓட்டையாகி அங்கயே கெடக்கு, கடன் மட்டும் இங்க நிக்குது. அந்த ஒன்றரை மாசத்துல பங்குல இருந்து எங்க வாசலுக்கு யாரும் வரல. சபைக்காரப் பொம்பளைக ரெண்டு பேர் அந்தி ஆனா வருவாக, ஒரு நாள் அரிசி, ஒரு நாள் எண்ணெய், உக்காந்து அம்மா கையப் பிடிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போவாக. அம்மாவும் அவுககூட ஜெபம் பண்ணுவாக, அவுக போனதும் ஜெபமாலைய எடுத்துச் சொல்லுவாக. தம்பி திரும்பி வந்து கேட்டது ஒரே கேள்வி, யார் யார் வந்தாகன்னு. அதுக்கப்புறம்தான் அவனுக்கு மத்தேயு 16 பிரச்சினை ஆச்சு.

பாசி எடுக்குற பொம்பளைக கதையும் இதேதான், அதிகம் பேர் பேசுறதில்லைங்கிறதால இங்க சொல்லிட்டுப் போறேன். பாசி அழிஞ்சிறக் கூடாதுன்னு மாசத்துக்கு 12 நாள்தான் இறங்கணும்னு அவுகளே கட்டுப்பாடு போட்டு நடக்குறாக, ஆனா தீவுப்பக்கம் போனா கடலை அழிக்கிறீகன்னு விரட்டுறது அவுகளத்தான். எங்கம்மாவ கரையில வச்சு பாசி மூட்டையப் பறிச்சிக்கிட்டு அனுப்புனத நான் சின்னப்பிள்ளையில கண்ணால பாத்திருக்கேன், ஈரச்சேலையோட வெறுங்கையோட நடந்து வந்தாக. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.

வரியக் கடன் வாங்கிக் கட்டுனோம், மணி அடிச்சாக. அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் சாமியார் பங்களாவுக்குப் போயி, சாமி, நீங்க என் சாமியார்தான், உங்க கையில நன்மை, அதான் நற்கருணை, வாங்குறேன், நாளைக்கும் வாங்குவேன், ஆனா செத்த பிணத்த வச்சுக்கிட்டு கணக்குப் பாத்தது பாவம்னு சொன்னேன். கமிட்டி விசயம்னாரு. கமிட்டிக்கு மேல நீங்கதான் சாமின்னேன். பதில் பேசல. இதனால நான் திருச்சபைய விட்டுப் போவேனான்னா போகமாட்டேன். பேதுரு மறுதலிச்சதுக்கு அப்புறமும் என் ஆடுகள மேய்ன்னு அவரிடம்தானே ஆண்டவர் சொன்னாரு, யோவான் 21.

இதப் படிச்சிட்டு சபைக்காரங்கள மட்டம் தட்டுறேன்னு யாரும் நெனைக்க வேணாம். அந்த அரிசி எண்ணெய நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா தம்பி சபையும் ஒரு வருசத்துக்குள்ள ரெண்டாப் பிரிஞ்சிருச்சு, ரெண்டு பாஸ்டரும் ஒரே பைபிளத்தான் காட்டுறாங்க. யார் சொல்றது சரின்னு யார் தீர்க்கிறதுன்னு கேட்டேன், அவனுக்கும் அதுல வருத்தம்தான்.

நீங்க உங்க ஆளுகிட்ட பேசப் போறதுக்கு முன்னாடி அப்போஸ்தலர் பணி 15-ம் அதிகாரத்த ஒருக்கா படிச்சிட்டுப் போங்க. விருத்தசேதனம் வேணுமா வேணாமான்னு சண்டை வந்தப்போ ஆளாளுக்குத் தனிச் சபை வைக்கல, எருசலேம்ல கூடுனாங்க, பேதுரு பேசுனாரு, யாக்கோபு தீர்ப்புச் சொன்னாரு, கடிதம் எழுதி எல்லா ஊருக்கும் அனுப்புனாங்க. ரெண்டு பைபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசுங்க, போன்ல பேசாதீங்க.

தம்பி மறுநாள் பூசைக்கு வரல. பூசை முடிஞ்சு சாப்பாட்டுக்கு ஆளுக உக்காரும்போது பின்வாசல் வழியா வந்து சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டு பரிமாறப் போனான். கடைசிப் பந்தி எந்திரிச்சதுக்கு அப்புறம் என் பக்கத்துல வந்து, "பூசையில அம்மா பேர வாசிச்சாகளாக்கா?"ன்னு கேட்டான்.

வாசிச்சாகன்னேன்.

"முழுப் பேரையும் வாசிச்சாகளா?"ன்னான்.